ஃபைண்டுக்குப் பத்து வாக்கியம்

கள்ளிக்குப்பம்,
கார்த்திகை 3, புதன்கிழமை.

அன்பு மகள் சித்ராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம், அங்கே நீ சௌக்கியமா என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். முதல் தாளில் அப்படித்தான் எழுதினேன், எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். உடம்பு எழுந்து நடமாடுகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதுவரைக்கும் உண்மை. வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இந்தக் காலத்தில் மெல்போர்னுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம் கண்ணு. நான் சாப்பிட்டாயா என்கிறேன், நீ மாத்திரை போட்டாயா என்கிறாய், இங்கே மழையா அங்கே வெயிலா என்று கேட்டுக்கொள்கிறோம், முடிந்தது. தாளில் எழுதினால் நடுவில் நீ பேச்சை மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே, பொறுமையாக உட்கார்ந்து படி.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் அடித்தது, பள்ளத்துத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், நம் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வடிந்துவிட்டது. பின்பக்க முருங்கை பாதியில் முறிந்துவிட்டது, உத்தமன் மாமாதான் அரிவாள் கொண்டுவந்து வெட்டி ஒழுங்கு பண்ணினான். கண்டக்டர் வேலையிலிருந்து ரிடையர் ஆனதிலிருந்து அவனுக்குப் பொழுது போகவில்லை. தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது நம் கேட்டைத் தட்டி, “இன்னா மச்சான், கீறியா?” என்று கேட்கிறான். நானும் உள்ளேயிருந்தே, “கீறேன் போடா” என்று குரல் கொடுக்கிறேன். அவன் என்ன பார்க்க வருகிறான் என்று அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனால் அந்த ஒரு குரல் இல்லாவிட்டால் சில நாள் சாயந்திரம் வரைக்கும் நான் வாய் திறப்பதே இல்லை. அவன் வீட்டில் மருமகளோடு தினம் ஒரு சண்டை, தெருவுக்கே கேட்கிறது. சண்டை போடுவதற்காவது ஆள் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும், சிரிக்காதே.

நான் இங்கிலீஷ் கிளாஸ் போகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் ஊருக்கு வந்தால் ஏர்போர்ட்டில் திருதிருவென்று முழிக்கக் கூடாது, அதற்காகச் சேர்ந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. உங்கம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்னமும் சாயந்திரம் ஆறு மணியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் சபீனா என்று ஒரு பெண் பாடம் நடத்துகிறாள், உன்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். படிக்கிறவர்களெல்லாம் வேலை தேடுகிற பிள்ளைகள், நான் ஒருவன்தான் கிழவன், எல்லோருக்கும் அங்கிள். ஆறிலிருந்து ஏழு வரைக்கும் என்னைக் கூப்பிட்டு, பதில் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு ஒரு இடம் இருக்கிறது, அதற்குத்தான் போகிறேன். போன வாரம் அவள் ஒரு டிபன் பாக்ஸில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினாள். ஆளுக்கு ஒரு வினைச்சொல், அதை வைத்து அவரவர் வாழ்க்கையிலிருந்தே பத்து வாக்கியம் எழுத வேண்டும், கைடைப் பார்த்து எழுதினால் தெரிந்துவிடும் என்றாள். எனக்கு வந்தது ஃபைண்ட்.

இது என்ன பெரிய சொல், கண்டுபிடிப்பது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, நாம் நாலைந்து சொல்லை வைத்துச் சமாளிக்கிற இடத்திலெல்லாம் அவர்கள் இந்த ஒன்றை வைத்து ஓட்டுகிறார்கள். தேடியது கையில் கிடைத்தாலும் அதுதான், தேடாமல் வழியில் கண்டெடுத்தாலும் அதுதான், ஒரு விஷயம் விசாரித்துத் தெரியவந்தாலும் பக்கத்தில் ஒரு அவுட் சேர்த்துக்கொண்டு அதுதான். கோர்ட்டில் ஒருவனைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வதற்கும் இதையே போடுகிறார்கள். நம் பேச்சில் சாவி தொலைந்து போகும், அப்புறம் கிடைத்துவிடும், நாம் ஏதோ சும்மா நின்றுகொண்டிருந்தது போல. நான் அப்படியே எழுதிக் காட்டினேன். சபீனா, “அங்கிள், இங்கிலீஷ்ல சாவி தானா வந்து கிடைக்காது, தேடிக் கண்டுபிடிச்ச ஆள் யாரு, அவரை முதல்ல சொல்லுங்க” என்றாள். அதனால் முதல் வாக்கியமாக உங்கம்மாவின் மூக்குக் கண்ணாடியை எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் அதைத் தேடித்தான் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம். காரியமெல்லாம் முடிந்து நீயும் கிளம்பிப் போன பிறகு, அரிசி டிரம்முக்குள் அளக்கிற படியோடு சேர்ந்து கிடந்தது. அரிசியில் கல் பொறுக்கக் குனிந்தபோது விழுந்திருக்க வேண்டும். நான் அதைக் கண்டெடுத்தேன் என்று எழுதினேன், சபீனா ஸ்டார் போட்டாள்.

இன்னொன்று, ஒரு விஷயம் நமக்கு எப்படிப் படுகிறது என்று சொல்வதற்கும் ஃபைண்ட் வருமாம். காபி நன்றாக இருக்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவோம், அவர்கள் எனக்கு நன்றாக இருப்பதாகப் படுகிறது என்பார்களாம். அதற்கு நான், ஞாயிற்றுக்கிழமை எனக்கு நீளமாகப் படுகிறது என்று எழுதினேன். பதினொரு மணிக்கு உன் போன் வருகிறது, பதினொன்றரைக்கு முடிந்துவிடுகிறது, மிச்ச நாள் முழுவதும் அப்படியே கிடக்கிறது. அப்புறம், கதவைத் திறந்து பார்த்தால் ஒன்று இப்படி இருந்தது என்பதற்கும் அதே சொல். கிளாஸ் முடிந்து வந்து பார்த்தால் வீடு இருட்டாக இருந்தது என்று எழுதினேன். சபீனா சிரித்துக்கொண்டே, “எதிர்பாராம பார்த்தாத்தான் இது சரியா வரும் அங்கிள், உங்க வீடு தினமும் இருட்டாத்தானே இருக்கும்?” என்றாள். நான், தினமும் எதிர்பாராமல்தான் போகிறேன்மா என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு வாக்கியம் சரிதான் என்று டிக் போட்டுவிட்டாள்.

வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோதுதான் என் கை தானாக ஓடியது. முப்பத்தோரு வருஷம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியனாக நான் செய்தது ஃபால்ட் ஃபைண்டிங்தானே. மிஷின் நின்றுவிட்டால் ஓடிப்போய்ப் பேனலைப் பிரிக்கக் கூடாது, முதலில் ஆபரேட்டரைக் கேட்க வேண்டும், பிறகு டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு சப்ளை வருகிற பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வரவேண்டும், எங்கே வரைக்கும் கரண்ட் வருகிறதோ அதற்கு அப்புறம் கோளாறு. ஆபரேட்டர் எப்போதும், “நான் இன்னாத்தையும் தொடல அண்ணாத்தே, அதுவா நின்னுகிச்சு” என்றுதான் சொல்வான். தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் வெற்றிச்செல்வன் என்று ஒரு பையன் இருந்தான், வேகமாக உருப்படி எடுப்பதற்காக, கை உள்ளே போகாமல் காக்கிற கார்டு சுவிட்சைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டிருந்தான். மிஷின் ட்ரிப் ஆகி நின்றதும் நான் போய் கம்பியைப் பார்த்துவிட்டேன், ஷாப்பே வேடிக்கை பார்க்க அவனைக் கத்தித் தீர்த்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே மிஷினில் மோட்டார் கருகுகிற வாடை மூன்று நாளாக வந்திருக்கிறது, அவன் என்னிடம் வந்து சொல்லவே இல்லை. நான்காம் நாள் மோட்டார் எரிந்தது. என் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ அன்னிக்கு கத்துன கத்துலதாம்பா அவன் வாய தொறக்கல” என்றார். அதற்கப்புறம் ரிடையர் ஆகிற வரைக்கும் நான் எந்த ஆபரேட்டரையும் அதட்டியதில்லை, என்ன ஆச்சு சொல்லுப்பா என்று தோளில் கை போட்டுத்தான் கேட்பேன். கம்பெனியில் கற்றுக்கொண்டதை வீட்டுக்கு எடுத்து வரவில்லை, அதுதான் என் தப்பு.

ஆடி மாதம் நீ எனக்கு முட்டிக்குப் போடுகிற பெல்ட் அனுப்பினாயே, அந்தப் பெட்டியில் அனுப்புநர் பெயர் சித்ரா பச்சையப்பன் என்று இருந்தது. எட்டு வருஷமாகச் சித்ரா வெங்கட் என்றுதான் வரும். என் பெயரைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன், அடுத்த நொடியே பெயர் ஏன் மாறியது என்ற கேள்வி வந்தது. டைரியை எடுத்து விலாசத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன், வீட்டு எண் வேறு, ஏரியாவும் வேறு. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணத் தொடங்கினேன். மாப்பிள்ளை குளிக்கிறார், மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறார், மாப்பிள்ளைக்கு ஷிப்ட், மறுபடி குளிக்கிறார். ஒரு மனிதன் வாராவாரம் நான் பேசுகிற நேரம் பார்த்துக் குளிப்பானா கண்ணு? உனக்குப் பின்னால் தெரிகிற சமையல் மேடையில் ஒரே ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறது. என் தொழிலில் ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக் கூடாது, இரண்டு தடவை டெஸ்ட் பண்ண வேண்டும். புரட்டாசியில் வெங்கட்டுக்குப் பிறந்த நாள் வந்ததே, வாழ்த்துச் சொல்கிற சாக்கில் அவனுக்கே போன் போட்டேன். நன்றி மாமா என்றான். பிறகு, “சித்ரா உங்ககிட்ட இன்னும் சொல்லலையா மாமா? தை மாசத்துல இருந்து தனித்தனியாத்தான் இருக்கோம். மிச்சத்தை அவளே சொல்லட்டும், நான் சொன்னா நல்லாருக்காது” என்றான். குரல் உடைந்துதான் இருந்தது. நான் அவனை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, உடம்பைப் பார்த்துக்கோப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆக தை மாதத்திலிருந்து நீ அங்கே தனியாக இருக்கிறாய், நான் இங்கே தனியாக இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இரண்டு பேரும் குடும்பம் நடத்துவதாகப் பாவனை பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதைத்தான் பத்தாவது வாக்கியமாக எழுதினேன். என் மகள் பத்து மாதமாகத் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான், இங்கிலீஷில் ஒரே வரி. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, தமிழில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் வீட்டுப் பாடத்தில் எழுதிவிட்டேன். எழுதிய வாக்கியங்களையெல்லாம் சபீனா கிளாஸில் சத்தமாகப் படிப்பாள் என்பது நோட்டைக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் ஒன்பது வாக்கியம் படித்தாள், பத்தாவதைக் கண்ணால் பார்த்தாள், நோட்டை மூடிவிட்டு, “ஆனந்தன், உங்க நோட்டைக் கொடுங்க” என்று பக்கத்துப் பையனிடம் போய்விட்டாள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, “உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியுமா அங்கிள்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப இதை எனக்கு எதுக்கு எழுதிக் காட்டுறீங்க, அவங்களுக்கு இல்ல எழுதணும்” என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். கோபமாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை, ஆனால் சொன்னது சரி.

நீ ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. சப்ளை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன் சித்ரா, முதல் இடத்திலேயே கோளாறு தெரிந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ வெங்கட்டைப் பற்றிச் சொன்ன அன்று, திருநெல்வேலிக்காரப் பையன், நம் ஆட்கள் இல்லை, ஐடியில் வேலை என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நான் ஆடிய ஆட்டம் எனக்கு மறக்கவில்லை. “நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா அழுதுகினு இந்த வாசப்படி ஏறாத” என்று சொன்னேன். கல்யாணத்தையும் நான்தான் நடத்தினேன், மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டினேன், அவனும் தங்கமான பையனாகத்தான் இருந்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உங்கம்மா மட்டும் விடவில்லை. “அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கய்யா, பொண்ணு மனசுல கெடக்கும்” என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் ஒரு தடவை சொன்னாள். அதெல்லாம் அவள் எப்பவோ மறந்திருப்பாள் என்று நான் வாயை அடைத்தேன். நீ மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, பத்து மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அங்கே நின்றுகொண்டிருக்கிறாய். குற்றவாளி என்று எழுதுகிற அந்தக் கோர்ட் வாக்கியத்துக்கு என் வாழ்க்கையில் ஆள் இல்லை என்று சபீனாவிடம் சொல்லியிருந்தேன், ஆள் இருக்கிறான்.

அதனால் எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். அந்த வார்த்தையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கம்மா இருக்கும்போதே செய்திருக்க வேண்டும், அது என் காலத்துக்கும் ஆறாது. நீ அழுதுகொண்டு வந்தாலும் இது உன் வீடு, பெட்டி படுக்கையோடு வந்தாலும் உன் வீடு, ஒன்றும் சொல்லாமல் வந்து பத்து நாள் தூங்கிவிட்டுத் திரும்பிப் போனாலும் உன் வீடு. வா என்றும் நான் சொல்லவில்லை, அங்கே உன் வேலை இருக்கிறது, உனக்கென்று நீ பிடித்து வைத்த இடம் இருக்கிறது, அதை விடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீயும் வெங்கட்டும் மறுபடி சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, தப்பு யார் பேரில் என்று நான் கேட்க மாட்டேன், கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நானும் மறைத்தேன். ஐப்பசியில் நாலு நாள் நெட் வரவில்லை என்றேனே, அப்போது பாத்ரூமில் வழுக்கி விழுந்து உத்தமனும் அவன் மருமகளும் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், இப்போது நடக்கிறேன், பயப்படாதே. நான் சமைக்கிறேன் என்று சொல்வதும் வாரத்தில் இரண்டு நாள்தான், மற்ற நாளெல்லாம் கடை இட்லி. இனிமேல் இந்த மாதிரி சௌக்கியமெல்லாம் நமக்குள் வேண்டாம்.

அங்கே வெயில் காலம் ஆரம்பித்துவிட்டது என்றாய், மோர் கரைத்துக் குடி, பட்டினி கிடக்காதே, தனியாக ஒருத்திக்கு என்ன சமையல் என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருக்காதே, அந்த வழி எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கடிதத்தை உங்கம்மா படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் ஒட்டப் போகிறேன், என் ஆசியோடு அவள் ஆசியும் சேர்ந்து வருகிறது. உன் மனசுக்குத் தெம்பு வரட்டும், நினைத்தது கைகூடட்டும், தலை நிமிர்ந்து நடக்கிற நாள் சீக்கிரம் வரட்டும். போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன், இது வந்து சேரப் பதினைந்து நாள் ஆகுமாம். நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அந்த இரண்டு ஞாயிறும் மாப்பிள்ளை குளிக்கிறார் என்று நீ சொல்வாய், சரிம்மா என்று நானும் கேட்டுக்கொள்வேன், போகட்டும். கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு மட்டும் அதைச் சொல்லாதே. சொல்வதற்கு ஒன்றும் வராவிட்டால் சும்மா இரு, அழுகை வந்தால் அழு. உங்கம்மா போன புதிதில் ஒரு நாள் நீ போனில் அழுதாய், எனக்குத் தாங்காமல் டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது கண்ணு. இந்தத் தடவை நான் வைக்க மாட்டேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
பச்சையப்பன்